குதிரை நொண்டுகிறது: மாவா, மாத்திரையா, மூட்டுக்குள் ஊசியா, ஓய்வா?

திருகோணமலைப் பக்கம், நிலாவெளியில் குதிரை வைத்திருக்கும் தம்பி ஒருவர் போன மாதம் எனக்கு ஒரு வீடியோ அனுப்பினார். கீழே ஒரே ஒரு வரி: "அண்ணா, மூட்டுக்குள்ள ஊசி போடவா, வெளிநாட்டு மாவு வாங்கவா? சீசன் தொடங்கிட்டுது." மாவு என்று அவர் சொன்னது, மூட்டுக்கு நல்லது என்று விற்கும், தீனியோடு கொடுக்கும் சத்து மாவை. வீடியோவில் இருந்தது நுவரெலியாப் பந்தயத்தில் ஓடி முடித்து இங்கே வந்த ஒரு குதிரை. துள்ளு நடையில் வரும்போது முன் இடக்கால் நிலத்தில் படுகிற ஒவ்வொரு தடவையும் தலை மேலே எழும்பியது. அதே வாரம் மூதூரிலிருந்து ஒருவர் கேட்டார். கட்டாரில் குதிரை லாயத்தில் வேலை செய்யும் கிண்ணியாக்காரர் ஒருவரும் கேட்டார். மூவருடைய கேள்வியும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பதினொரு வருடம் வளைகுடாவில் நெடுந்தூர ஓட்டக் குதிரைகளைப் பராமரித்தேன். இப்போது உப்புவெளியில் இரண்டு குதிரைகளோடு இருக்கிறேன். நான் மிருக வைத்தியர் இல்லை. வைத்தியர் ஊசி போடும்போது குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றவன், அடுத்த ஆறு மாதம் அந்தக் குதிரை எப்படி நடந்தது என்று பார்த்தவன். அந்த இடத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன். மருந்தின் அளவு எதையும் இங்கே சொல்லப்போவதில்லை, அதை உங்கள் வைத்தியர் எழுத வேண்டும்.

## முதலில், அது மூட்டுதானா?

எதை வாங்குவது என்று யோசிக்க முன்னர் எங்கே வலிக்கிறது என்று தெரிய வேண்டும். காசு வீணாகிற இடமும், குதிரை வீணாகிற இடமும் இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

முன்காலில் வலி என்றால், வலிக்கிற கால் ஊன்றும்போது குதிரை தலையைத் தூக்கும். நல்ல கால் ஊன்றும்போது தலை தாழும். பின்கால் என்றால் இடுப்பைப் பாருங்கள், வலிக்கிற பக்கம் கூடுதலாக ஏறி இறங்கும். குதிரை வைத்தியர்கள் பலர் நொண்டலை 0 முதல் 5 வரை தரம் பிரிக்கிறார்கள். 1 என்றால் கண்டுபிடிக்கவே கஷ்டம், சில நேரம் தெரியும், சில நேரம் தெரியாது. 3 என்றால் துள்ளு நடையில் எப்போதும் தெரியும். 4 என்றால் சாதாரண நடையிலேயே தெரியும். 5 என்றால் காலை ஊன்றவே மாட்டாது.

நேற்று நன்றாக நின்ற குதிரை இன்று காலை 4 அல்லது 5 அளவில் நொண்டினால், மூட்டுத் தேய்வை முதலில் நினைக்காதீர்கள். திடீர் நொண்டலுக்கு மிகச் சாதாரணமான காரணங்களில் ஒன்று குளம்புக்குள் சீழ் கட்டுவது. நம் பக்கம் கார்த்திகை, மார்கழி மழையில் நிலம் ஊறி, குளம்பும் ஊறி மென்மையாகிவிடும். சின்னக் கல், பழைய ஆணி, லாடத்து ஆணி வழியாகக் கிருமி உள்ளே போகும். என் பெண் குதிரைக்கு இரண்டு மார்கழிக்கு முன் இப்படித்தான் வந்தது. தீவனம் விற்கும் ஒருவர் பார்த்துவிட்டு, "இது கணு மூட்டுத் தேய்வு, இந்த மாவைக் கொடுங்கள்" என்றார். கொடுத்தேன். பத்து நாள் அது வேதனையில் நின்றது. பிறகு அரச கால்நடை வைத்தியர் வந்தார். மாட்டையும் ஆட்டையும் பார்த்துக் கை பழகியவர். குளம்பை இடுக்கியால் சுற்றி அழுத்திப் பார்த்து, ஒரு இடத்தில் குதிரை காலை இழுத்ததும் அங்கே கீறினார். கறுப்பாகச் சீழ் வந்தது. அடுத்த நாள் அது நடந்தது. அந்தப் பத்து நாளை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. குளம்பில் காயம் என்றால் ஏற்புவலித் தடுப்பூசியையும் கேளுங்கள். அந்த நோய்க்கு மிக எளிதில் பலியாகும் பிராணிகளில் குதிரையும் ஒன்று.

குளம்பில் ஒன்றும் இல்லை, நொண்டல் மெல்ல மெல்ல வந்தது, காலையில் இறுக்கம் கூட, நடந்தால் கொஞ்சம் இளகுகிறது, மூட்டு வீங்கித் தொட்டால் சூடாக இருக்கிறது என்றால் மூட்டைச் சந்தேகிக்கலாம். வைத்தியர் செய்வது மூன்று விஷயம். மூட்டைக் கொஞ்ச நேரம் மடக்கிப் பிடித்து உடனே ஓடவிட்டுப் பார்ப்பது ஒன்று. காலின் கீழிருந்து மேலாகப் பகுதி பகுதியாக மரக்கச் செய்து, எந்த இடம் மரத்ததும் நொண்டல் மறைகிறது என்று பார்ப்பது மற்றொன்று. மூன்றாவது எக்ஸ்ரே. எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், எலும்பு நுனியை மூடியிருக்கும் குருத்தெலும்பு தெரியாது. ஆகவே படம் சுத்தமாக இருந்தால் மூட்டும் சுத்தம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இந்த மூன்றில் மரக்க வைத்துப் பார்ப்பதற்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். படம் சொல்லாததைக் குதிரையின் நடை சொல்லிவிடும்.

## எதை வைத்து அளப்பது

ஒவ்வொரு வழியையும் நான் நான்கு கேள்விகளால் அளக்கிறேன்.

இது மூட்டின் அழற்சியைக் குறைத்து மூட்டைக் காக்கிறதா, அல்லது வலியை மட்டும் மூடுகிறதா? அழற்சி நீடித்தால் மூட்டு நீர் நீர்த்துப்போகும், வழுவழுப்புக் குறையும், குருத்தெலும்பு அரிபடும். குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய் கிடையாது. அதனால் போனது ஒழுங்காகத் திரும்பி வளராது.

இதைத் திருகோணமலையில் ஒழுங்காகச் செய்ய முடியுமா? செய்தபின் ஏதும் பிழைத்தால் 24 மணி நேரத்துக்குள் கைகொடுக்க ஆள் உண்டா? இலங்கையில் கால்நடை மருத்துவ பீடம் பேராதனையில் மட்டும்தான். இங்கிருந்து ஏறக்குறைய 180 கிலோமீட்டர். நொண்டுகிற குதிரையை லொறியில் ஏற்றினால் ஐந்தாறு மணி நேரம் அது நான்கு காலையும் ஊன்றிச் சமநிலை பிடித்துக்கொண்டே போக வேண்டும்.

உண்மையான செலவு என்ன? மருந்தின் விலை அதில் ஒரு பங்குதான். வைத்தியரின் பயணம், லொறி, வேலை இல்லாத நாட்கள், அதன் பிறகு வரும் பக்கவிளைவு எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு.

கடைசிக் கேள்வி, இந்தக் குதிரை இனி என்ன வேலை செய்யப்போகிறது? 160 கிலோமீட்டர் போட்டிக்குப் போகிற குதிரையும், கரையில் பிள்ளைகளை ஏற்றி நடக்கிற குதிரையும் ஒன்றல்ல.

## ஓய்வு, குளம்பு, அளந்த நடை

செலவு குறைவு, பலன் பெரிது. ஆனால் எல்லோரும் பாதியில் விட்டுவிடுகிற வழியும் இதுதான்.

ஓய்வு என்றால் ஒரு மூலையில் கட்டிப்போடுவது இல்லை. மூட்டு வீங்கிச் சூடாக இருக்கும் முதல் சில நாள் அடைத்து வைத்து, துணியை ஐஸ் தண்ணீரில் நனைத்து ஒரு தடவைக்கு இருபது நிமிடம் போடுங்கள். அதன்பின் மூட்டுக்கு அசைவு தேவை. குருத்தெலும்பு தனக்கு வேண்டிய ஊட்டத்தை மூட்டு நீரிலிருந்துதான் எடுக்கிறது, அந்த நீர் அசைவால்தான் உள்ளே போய் வருகிறது. முழு நாளும் கட்டிக்கிடக்கும் குதிரையின் மூட்டு இறுகும்.

நடத்துகிற இடத்தில் நமக்கு ஒரு வசதியும் ஒரு ஆபத்தும் உண்டு. அலை வந்து போகும் விளிம்பில் மணல் இறுகியிருக்கும், அதில் கையில் பிடித்து நடத்தலாம். மேலே கிடக்கும் காய்ந்த, ஆழமான மணலில் நடத்தினால் தசைநார்கள் இழுபடும், மூட்டுக் குணமாக முன்னர் நார் போய்விடும். கரை சரிவாக இருப்பதால் ஒரு திசையில் போகும்போது ஒரு பக்கக் கால்களுக்குப் பாரம் கூடும். போன தூரம் அளவுக்கு அதே வழியில் திரும்பி வாருங்கள். துள்ளு நடை அந்தச் சரிவில் வேண்டாம். வைகாசி முதல் ஆவணி வரை உப்புவெளிக் கடல் அமைதியாக இருக்கும் நாட்களில் நெஞ்சளவு தண்ணீரில் நடத்துவது நல்லது, உடற்பாரம் பெருமளவு தண்ணீரில் போய்விடும். ஆனால் நம் கடல் குளிர்ந்த கடல் இல்லை, அதை ஐஸுக்குப் பதிலாக நினைக்கக் கூடாது. கன்னியா வெந்நீரைக் கொண்டுவந்து ஊற்றலாமா என்று கேட்ட பெரியவர் ஒருவருக்கும் இதைத்தான் சொன்னேன்: வீங்கிச் சூடாக இருக்கும் மூட்டுக்கு வெப்பம் கூடாது.

குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வரை வளரும். முன்பக்கம் நீண்டுபோனால் ஒவ்வொரு அடியிலும் கணு மூட்டு கூடுதலாக வளைய வேண்டிவரும். நான்கு முதல் ஆறு கிழமைக்கு ஒரு தடவை செதுக்க வேண்டும், வருடத்துக்கு ஒன்பது முதல் பதின்மூன்று தடவை வரும். இங்கே வண்டில் மாட்டுக்கு லாடம் அடித்துப் பழகியவர்களைக் கூட்டி வருகிறார்கள். மாட்டுக் குளம்பு இரண்டாகப் பிளந்தது, லாடமும் இரண்டு துண்டு. அந்தக் கை குதிரைக்கு அப்படியே சரிவராது. குதிரைக் குளம்பு தெரிந்த ஒருவரைத் தூரத்திலிருந்து அழைத்தாலும், இரண்டு மூன்று வீட்டுக் குதிரைகளை ஒரே நாளில் பார்க்கச் செய்தால் செலவு பிரியும்.

பாரத்தையும் இதிலேயே சேர்க்கிறேன். ஆளும் சேணமும் சேர்த்துக் குதிரையின் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 450 கிலோக் குதிரைக்கு 90 கிலோ. மூட்டு நோவு உள்ள குதிரைக்கு நான் 70 கிலோவுக்கு மேல் ஏற்றுவதில்லை. குதிரையின் சொந்தக் கொழுப்பும் பாரம்தான். விலாவைத் தடவினால் எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு உங்களுக்கே தெரியும்: சீசன். சுற்றுலாப் பயணி வரும் மூன்று நான்கு மாதத்தில்தான் வருடத்து வருமானம். ஆறு கிழமை ஓய்வு என்றால் அதில் பாதி போச்சு. அதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன், எனக்கும் அதே அடுப்புத்தான் எரிகிறது. ஆனாலும் சித்திரையில் தொடங்கிய 2 அளவு நொண்டலோடு ஆவணி வரை ஓடவிட்ட குதிரை அடுத்த சீசனுக்கு வராமல் போனதை இதே கரையில் பார்த்திருக்கிறேன்.

## வலிகொல்லி

லாயங்களில் 'பியூட்' என்று சொல்லும் ஃபீனைல்பியூட்டசோன், ஃபுளூனிக்சின், மெலொக்சிகாம், புதிய வகையில் ஃபைரோகொக்சிப். இவை அழற்சியையும் குறைக்கும், வலியையும் குறைக்கும். நம் ஊரில் எளிதில் கைக்கு வருவது மாட்டுக்கும் எழுதுகிற மெலொக்சிகாம். மாட்டின் உடம்பில் அது நிற்கும் நேரம் வேறு, குதிரையின் உடம்பில் நிற்கும் நேரம் வேறு. மாட்டுக்கு எழுதிய சீட்டைக் குதிரைக்குப் பார்த்துக் கொடுக்காதீர்கள். வீட்டிலிருக்கும் மனிதர் மாத்திரையும் அப்படித்தான்.

குறுகிய காலத்துக்கு, ஓய்வோடு சேர்த்து, வைத்தியர் சொன்ன அளவில் கொடுத்தால் இது நல்ல துணை. வலி குறைந்தால் குதிரை மற்றக் காலில் சாய்ந்து நிற்பது குறையும், தீனி எடுக்கும், அளந்த நடையும் சாத்தியமாகும்.

வேலை வாங்குவதற்காகக் கொடுத்தால்? இந்த ஒரு இடத்தில் நான் கடுமையாகத்தான் பேசுவேன். பாய்ந்து ஓடும்போது ஒரு காலில் விழும் விசை குதிரையின் எடையைப் போல இரண்டரை மடங்கு வரை போகும். அந்த விசையிலிருந்து குதிரை தன்னைக் காத்துக்கொள்ள இருக்கும் ஒரே வழி வலி. அதை அடைத்துவிட்டு முதுகில் ஆளை ஏற்றுவது துரோகம். நெடுந்தூர ஓட்டத்தில் ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் வைத்தியர் முன் குதிரையை ஓடவிட்டுக் காட்ட வேண்டும், இதயத் துடிப்பும் 64க்குள் இறங்க வேண்டும், நொண்டினால் அத்தோடு போட்டி முடிந்தது. அந்த விதி குதிரைக்காக வந்தது. நம் கரையில் அப்படியொரு வைத்தியர் நிற்பதில்லை, ஆகவே அந்த விதியை நாமே வைத்திருக்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு வயிற்றிலும் சிறுநீரகத்திலும் இருக்கிறது. நாட்கணக்கில் கொடுத்தால் இரைப்பையிலும் குடலிலும் புண் வரும். உடம்பில் தண்ணீர் குறைந்த குதிரைக்குக் கொடுத்தால் சிறுநீரகம் பழுதாகும். கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் இங்கே ஒரு குதிரை எவ்வளவு வியர்க்கும் என்று பார்த்தவர்களுக்கு இது விளங்கும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தக் குளிரில் பழகிய குதிரை இங்கே வந்த முதல் வருடம் இன்னும் கவனம் தேவை. இரண்டு வகை வலிகொல்லியை ஒன்றாகக் கொடுத்தால் புண் வரும் ஆபத்துக் கூடும்.

## மூட்டுக்குள் ஊசி

அழற்சியை அடக்கும் ஸ்டீரொயிட்டைத் தனியாகவோ, மூட்டு நீரில் இயல்பாகவே இருக்கும் ஹையலூரோனிக் அமிலத்தோடு சேர்த்தோ மூட்டுக்குள் செலுத்துவது. எந்த மூட்டு என்று உறுதியாகத் தெரிந்து, கை தெரிந்த வைத்தியர் போட்டால், அழற்சியை அடக்குவதில் இதற்கு ஈடு குறைவு. சில நாளில் வித்தியாசம் தெரியும். சில குதிரைகளில் பல மாதம் நிற்கும். வளைகுடாவில் இதை நான் பல தடவை பார்த்தேன், நன்றாக நடந்த குதிரைகளை மறக்கவில்லை.

ஸ்டீரொயிட் எல்லாம் ஒன்றல்ல. ட்ரையம்சினோலோன் குருத்தெலும்புக்கு ஒப்பீட்டளவில் பாதிப்புக் குறைந்தது, அதனால் முன் முழங்கால், கணு போன்ற அதிகம் அசையும் மூட்டுகளுக்கு அதை எடுப்பார்கள். மெதைல்பிரெட்னிசொலோன் நீண்ட காலம் நிற்கும், ஆனால் திரும்பத் திரும்பப் போட்டால் குருத்தெலும்பைக் கெடுக்கும். அதைப் பெரும்பாலும் பின்கால் மடிப்பின் அடியிலுள்ள, அதிகம் அசையாத சிறு மூட்டுகளுக்கு வைப்பார்கள். என்ன மருந்து என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, கேளுங்கள், எழுதி வையுங்கள்.

ஆபத்து அரிது, வந்தால் பெரிது. மூட்டுக்குள் கிருமி போனால் மணிக்கணக்கில் மூட்டு அழியத் தொடங்கும். மயக்கம் கொடுத்து மூட்டைக் கழுவ வேண்டிவரும். அதற்கு வசதி உள்ள இடத்திலிருந்து நாம் ஐந்து மணி நேரத் தொலைவில் இருக்கிறோம். இந்தத் தொலைவுதான் திருகோணமலையில் ஊசியின் உண்மையான விலை. கொட்டிலில், மணல் பறக்கும் காற்றில், பாதி தீர்ந்த குப்பியிலிருந்து போடுவதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். மூடிய இடம், கிருமிநாசினியால் பல தடவை தேய்த்துக் கழுவிய தோல், புதிய குப்பி, புதிய ஊசி, வைத்தியர் கையில் கிருமி நீக்கிய கையுறை, அமைதியாக நிற்க மயக்க மருந்து. இவற்றில் ஒன்று குறைந்தாலும் இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். வைத்தியர் உங்கள்மேல் கோபப்படமாட்டார்.

போட்டபின் ஓரிரு நாள் அடைப்பு, ஒரு கிழமை மெல்லிய நடை. தோலில் ஊசி போன துளை ஆறும்வரை கடலில் இறக்க வேண்டாம். பந்தயம், போட்டி என்றால் பல நாடுகளில் மூட்டு ஊசிக்குப் பின் 14 நாள் ஓட முடியாது. கட்டார்த் தம்பி தன் லாயத்து வைத்தியரிடம் நாள்கணக்கைக் கேட்டு எழுதி வைக்க வேண்டும். கொழுத்த, கழுத்து மேடு தடித்த குதிரைகளுக்கு ஸ்டீரொயிட் குளம்புக்குள் லாமினைட்டிஸ் என்ற கொடிய அழற்சியைக் கிளப்பக்கூடும். அப்படிப்பட்ட குதிரை என்றால் வைத்தியர் கேட்க முன்னரே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு செலவும் உண்டு. குதிரை நன்றாக நடந்ததும் ஆட்கள் எல்லாவற்றையும் மறந்து விடுகிறார்கள். குளம்பு செதுக்குவது நிற்கும், பாரம் கூடும். அடுத்த ஊசி ஆறு மாதத்தில், அதற்கடுத்தது மூன்று மாதத்தில். இடைவெளி குறைந்துகொண்டே போனால் மூட்டு தோற்றுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

குதிரையின் சொந்த இரத்தத்தை எடுத்துச் சுழற்றி, அதில் ஒரு பகுதியை மூட்டுக்குள் திருப்பிப் போடும் முறையையும் லாயங்களில் பார்த்தேன். ஸ்டீரொயிட் ஒத்துவராத, விலை மதிப்பான போட்டிக் குதிரைக்கு அது நல்ல வழி. கரைச் சவாரிக் குதிரைக்கு அந்த அளவுக்குப் போகத் தேவையில்லை.

## தசையில், நரம்பில் போடும் ஊசித் தொடர்

பொலிசல்ஃபேட்டட் கிளைக்கோஸமினோகிளைக்கன் என்ற நீளப் பெயருள்ள மருந்தைத் தசையில் போடுவார்கள். வழக்கமான தொடர் நான்கு நாளுக்கு ஒரு தடவை, 28 நாளில் ஏழு ஊசி. ஹையலூரோனிக் அமிலத்தை நரம்பில், அதாவது இரத்தக் குழாயில், கிழமைக்கு ஒன்றாக மூன்று கிழமை போடுவது இன்னொன்று. மூட்டைத் திறக்காமல் செய்வதால் மூட்டுக்குள் கிருமி போகும் பயம் மிகக் குறைவு. ஆரம்ப நிலையில், ஒன்றுக்கு மேற்பட்ட மூட்டில் லேசான இறுக்கம் உள்ள குதிரைக்குப் பொருந்தும். எலும்பு எலும்போடு உரசும் நிலைக்குப் போன மூட்டை இது மீட்காது.

தசை ஊசியை நம் ஊர் வைத்தியர் எவரும் போடலாம், அதனால் திருகோணமலைக்கு ஏற்ற வழி. செலவு, ஏழு குப்பி விலையோடு ஏழு வருகை. நரம்பு ஊசியை மட்டும் நீங்களே முயலாதீர்கள். கழுத்தில் அந்த நரம்புக்குப் பக்கத்திலேயே மூளைக்குப் போகும் நாடி ஓடுகிறது. மாறிப் போட்டால் குதிரை அந்த இடத்திலேயே விழும். வெளிநாட்டிலிருந்து வருகிறவரின் பையில் வெயிலில் கிடந்து வரும் மருந்தையும் நம்ப வேண்டாம். வைத்தியர் எழுதி, வைத்தியர் வழியாக வருவதுதான் மருந்து.

## வாயால் கொடுக்கும் மாவு

குளுக்கோசமைன், கொண்ட்ரோய்ட்டின் கலந்த மாவுக்குத்தான் விளம்பரம் அதிகம், ஆதாரம் மிகக் குறைவு. வாயால் போவதில் சொற்ப பங்குதான் குதிரையின் இரத்தத்துக்கு ஏறுகிறது. சிட்டையில் எழுதிய அளவு உள்ளே இல்லாத தயாரிப்புகளும் சோதனைகளில் பிடிபட்டிருக்கின்றன. கெடுதல் செய்யுமா? நேரடியாகப் பெரிதாக இல்லை. ஆனால் "மாவு கொடுக்கிறேன், மூன்று மாதம் பார்ப்போம்" என்று காத்திருக்கும் அந்த மூன்று மாதம்தான் கெடுதல். போட்டிக் குதிரைக்கு இன்னொரு சிக்கல்: டெவில்ஸ் க்ளோ போன்ற மூலிகைகள் சர்வதேசப் போட்டிகளில் கட்டுப்படுத்தப்பட்டவை, சில மாவில் அவையும் இருக்கும்.

ஒரு டப்பா மாவின் காசில் ஒரு தடவை குளம்பு செதுக்கலாம் என்றால், செதுக்குங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | மூட்டைக் காக்கிறதா | இங்கே செய்ய முடியுமா | மறைந்த செலவு | எப்போது சரி |
|---|---|---|---|---|
| ஓய்வு, குளம்பு, நடை | ஆம் | முடியும் | சீசன் வருமானம், தினமும் ஆள் | ஏறக்குறைய எப்போதும், முதலில் |
| வலிகொல்லி | குறுகிய காலம், ஓய்வோடு மட்டும் | முடியும் | வயிற்றுப் புண், சிறுநீரகம் | வீக்கம் உள்ள முதல் நாட்கள் |
| மூட்டுக்குள் ஊசி | அழற்சியை அடக்கும், அடிக்கடி போட்டால் கெடுக்கும் | சுத்தமான இடமும் கை தெரிந்த வைத்தியரும் இருந்தால் | கிருமி வந்தால் நீண்ட பயணம், லாமினைட்டிஸ் | எந்த மூட்டு என்று உறுதியான பின் |
| தசை ஊசித் தொடர் | ஆரம்ப நிலையில் ஓரளவு | முடியும் | ஏழு வருகை | பல மூட்டில் லேசான இறுக்கம் |
| மாவு | ஆதாரம் குறைவு | முடியும் | வீணாகும் காலம் | மற்ற எல்லாம் செய்தபின், விரும்பினால் |

## யாருக்கு எது

கரைச் சவாரிக்கு மட்டும் வைத்திருக்கும், 1 அல்லது 2 அளவில் நொண்டும் குதிரை என்றால் ஓய்வும் குளம்பும் நடையும். கூடவே வைத்தியர் எழுதும் சில நாள் வலிகொல்லி. ஆறு கிழமையில் மாற்றம் இல்லாவிட்டால் பேராதனை. அந்தப் பயணத்தை விடியப்புறம் புறப்படுங்கள். மாலையில் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் யானை இறங்கும், லொறி நின்றால் குதிரை உள்ளே அடித்துக்கொள்ளும். புறப்பட முன்னர் நேராக ஓடுவது, இடமும் வலமும் வட்டமாக ஓடுவது என மூன்று வீடியோவை இறுகிய தரையில் எடுத்து வைத்தியருக்கு அனுப்பிக் கேளுங்கள். சில நேரம் பயணமே தேவைப்படாது.

கட்டார்த் தம்பி, உங்கள் லாயத்தில் வைத்தியரும் படக்கருவியும் சுத்தமான அறையும் இருக்கின்றன. அங்கே, மூட்டு உறுதியானால் ஊசி நியாயமான தெரிவு. நான் திருகோணமலைக்குச் சொல்லும் தயக்கம் உங்கள் இடத்துக்கு இல்லை. உங்கள் கையில் இருப்பது ஒன்றுதான்: ஊசிக்குப் பின்னான ஓய்வு நாட்களைப் பயிற்சியாளர் குறைக்கச் சொன்னால், திகதியை வைத்தியரிடமே கேட்கும்படி பணிவாகச் சொல்லுங்கள்.

மூதூர் அண்ணாவின் குதிரைக்கு வயது பத்தொன்பது, பின்கால் மடிப்பின் கீழ் மூட்டுகளில் தேய்வு. அந்தச் சிறு மூட்டுகள் காலப்போக்கில் தாமாகவே ஒட்டிக்கொள்வதும் உண்டு, ஒட்டியபின் பல குதிரைகளில் வலி அடங்கிவிடும். அதுவரை லேசான நடை, தேவைப்பட்ட நாளில் மருந்து, முதுகில் யாரும் வேண்டாம். தென்னந்தோப்பில் மேய்ந்துகொண்டு நிற்கட்டும். அது உழைத்தது போதும்.

காய்ச்சல் 38.5 பாகைக்கு மேல், காலை ஊன்றவே இல்லை, மூட்டு திடீரென வீங்கியிருக்கிறது, மூட்டுக்குப் பக்கத்தில் காயம் அல்லது அண்மையில் ஊசி போட்டிருக்கிறது என்றால் மேலே எழுதிய எந்த ஒப்பீடும் பொருந்தாது. அன்று இரவே வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

நிலாவெளித் தம்பி ஊசியையும் மாவையும் தள்ளிவைத்தார். குளம்பு செதுக்க ஆளை வரவழைத்தபோது முன்பக்கம் விரல் அகலத்துக்கு மேல் நீண்டிருந்தது. இப்போது விடியற்காலை ஐந்தரைக்கு அலை விளிம்பில் இருபது நிமிடம் நடத்துகிறார், இந்தக் கிழமை இருபத்தைந்து. நேற்று வந்த வீடியோவில் நேராக வரும்போது தலை எழும்பவில்லை. இடப்பக்கம் திரும்பும்போது இன்னும் கொஞ்சம் எழும்புகிறது. சேணம் இன்னும் சுவரில்தான் தொங்குகிறது.